பத்து மணி மிளகாய்

மனசு கஷ்டப்படுவதற்காக அரசாங்கம் எனக்கு மாதாமாதம் பணம் கொடுத்தது. கேலி இல்லை. உத்தரவிலேயே அப்படித்தான் இருந்தது, கொஞ்சம் நாகரிகமான வார்த்தைகளில்.

திட்டத்தின் பெயர் 'செயற்கை அறிவு அறநெறி முனைவர் உதவித்தொகை'. மாநிலம் முழுவதும் சலித்து முப்பது பேரை எடுத்தார்கள். நான் சாத்தூர்க்காரி, பெயர் செண்பகவல்லி. எங்கள் வீட்டில் முதலில் கல்லூரிப் படியேறியவள். என் அக்கா மாரீஸ்வரி பத்தாவதோடு நின்று, சிவகாசியில் ஒரு அச்சகத்தில் காலண்டருக்குக் கம்பி மாட்டும் வேலைக்குப் போய்த்தான் நான் படித்தேன். ஆணை வந்த அன்று அவள் கேட்டாள்: "நல்லது கெட்டது எதுன்னு யோசிக்கிறதுக்குச் சம்பளமாடி? நாங்கல்லாம் ஓசியிலயே யோசிச்சுக்கிட்டு இருக்கோம்."

நிறுவனம் செங்கல்பட்டுக்கு முன்னால் ஏரி ஓரத்தில் இருந்தது. முதல் ஆறு மாதம் புத்தகம், விவாதம், காபி. பிறகு வேலை ஆரம்பித்தது.

வேலை இதுதான். அரசிடம் வரும் உதவி மனுக்களை, யாருக்கு மருத்துவமனைப் படுக்கை, யாருக்கு ஓய்வூதியம், யாருக்கு சக்கர நாற்காலி என்று, 'துலாம்' என்ற இயந்திரம் தீர்மானிக்கப்போகிறது. தீர்மானிக்க அதற்குக் கற்றுத்தர வேண்டும். மனுதாரரின் பெயரை அழித்துவிட்டு, ஊரையும் விவரத்தையும் மட்டும் எங்கள் திரையில் போடுவார்கள். நாங்கள் 'கொடுக்கலாம்', 'மறுக்கலாம்' என்று சொல்ல வேண்டும். மணிக்கட்டில் ஒரு ரப்பர் பட்டை. நாடித்துடிப்பு, வியர்வை எல்லாவற்றையும் சேர்த்து ஒரு எண் தரும். அதற்குக் கலக்க எண் என்று பெயர்.

"பதிலை மட்டும் கத்துக்கிட்டா அது வெறும் குமாஸ்தா," என்று முதல் நாள் விளக்கினார் நாச்சியப்பன் சார். திட்டத்தின் ஒருங்கிணைப்பாளர் அவர். சட்டைப்பையில் எப்போதும் மூன்று பேனா. "எந்த மனுவைப் படிக்கும்போது ஒரு நல்ல மனசு கலங்குதோ, அந்த மாதிரி மனுவைத் துலாம் தானா முடிவு பண்ணாது. மனுஷன்கிட்ட அனுப்பும். அவர் போன் போட்டு விசாரிச்சு முடிவெடுப்பார். உங்க கலக்கம்தான் அதுக்கு மனசாட்சி. புரியுதா?"

எனக்குப் புல்லரித்தது. பட்டையில் அறுபத்திரண்டு காட்டியது.

நிதி தரும் துறை ஒரு நிபந்தனை வைத்திருந்தது. மாதச் சராசரி பன்னிரண்டுக்குக் கீழே போனால் உதவித்தொகை நிற்கும், பட்டமும் இல்லை. கலங்காதவருக்கு அறநெறி ஆய்வில் என்ன வேலை என்று யாரோ ஒரு அதிகாரி நியாயமாகத்தான் யோசித்திருக்கிறார்.

முதல் வருடம் நாங்கள் அழுதோம். நிஜமாகவே. ஒரு நாளைக்கு நூற்றைம்பது மனு. மகளுக்குக் காது கேட்கும் கருவி கேட்ட ஒரு அப்பாவின் மனுவைப் படித்துவிட்டு நான் சாப்பிடப் போகவில்லை. இரண்டாம் வருடம் பாதியில் ஒருநாள் அதே மாதிரி ஒரு மனு வந்தது. படித்தேன், அழுத்தினேன், அடுத்ததைத் திறந்தேன். எண் எட்டு. ரொம்ப நேரம் சம்மணம் போட்டு உட்கார்ந்தால் கால் மரத்துப்போகுமே, கிள்ளினாலும் தெரியாதே, அப்படி ஆகிவிட்டது. எனக்கு மட்டுமில்லை, முப்பது பேருக்கும். மெஸ்ஸில் யாரும் யார் முகத்தையும் பார்க்காமல் சாப்பிட்டோம். மாதக் கடைசி நெருங்கியது. எல்லார் சராசரியும் எட்டு, ஒன்பது.

மிளகாயைக் கண்டுபிடித்தவள் ஹெப்சிபா. நாசரேத்துக்காரி, என் பக்கத்து மேசை. காலை பத்து மணிக்குப் பட்டையை மாட்டும் முன்னால், மெஸ்ஸிலிருந்து கொண்டுவந்த பச்சை மிளகாயை நறுக்கென்று கடித்து மென்றாள். கண்ணில் தண்ணீர், நெற்றியில் வியர்வை, எண் எண்பது. உடனே திரையில் ஒரு கட்டம் எழுந்தது: 'வழக்கத்துக்கு மாறான அளவு. உண்மையா? கருவிப் பிழையா?'

கருவிப் பிழை என்றால் அந்த எண்ணை நீக்கிவிடுவார்கள். அவள் 'உண்மை' என்று அழுத்தினாள். மதியமே தணிக்கைப் பிரிவிலிருந்து ஒருவர் வந்துவிட்டார்.

"அரியலூர் மனுவுக்கு இவ்வளவு கலங்கியிருக்கீங்க. அங்க சொந்தக்காரங்க யாராவது?" அவள் குடும்ப அட்டை, அண்ணன் தம்பி விவரம், அத்தனையையும் தோண்டினார். ஒன்றும் இல்லை. "மனிதாபிமானம்தான்" என்று எழுதிக்கொண்டு போனார்.

"ஏட்டி, அரியலூர் எங்க இருக்குன்னே எனக்குத் தெரியாது," என்று ஹெப்சிபா மூக்கை உறிஞ்சினாள். "ஆனா இந்த மாசம் பாஸ்."

அடுத்த வாரம் முப்பது பேரும் மிளகாய் கடித்தோம். வயிறு தாங்காது, ஆகவே நாளுக்கு ஒரு தடவை, காலையில். முதல் பத்து மனு வரை எரிச்சல் நிற்கும். அது போதும், சராசரி பன்னிரண்டைத் தாண்டிவிடும். முப்பது பேரும் தினமும் செய்ததால் அதுவே வழக்கமாகி, கட்டம் எழுவதும் நின்றுபோனது. மெஸ் சமையல்காரர் சாமிக்கண்ணு மட்டும் புலம்பினார்: "படிச்ச புள்ளைங்க பச்ச மிளகாயில அப்படி என்னதான் ஆராய்ச்சி பண்றீங்க? எங்க ஜெயங்கொண்டத்துல மாடுகூட இப்படித் திங்காது."

எங்களுக்குத் தோன்றாமல் போனது ஒன்றே ஒன்று. இப்போது எழுதும்போதுகூட வெட்கமாக இருக்கிறது. தினசரி மனுக்கட்டு மாவட்டவாரியாக, ஆங்கில எழுத்து வரிசையில் வரும். முதலில் அரியலூர். பிறகு செங்கல்பட்டு. சென்னையைத் தொடும்போது எரிச்சல் அடங்கிவிடும். கடைசியில், மாலை நான்கு மணிக்கு, கொட்டாவி விட்டுக்கொண்டே, என் சொந்த மாவட்டம் விருதுநகர்.

மூன்றாம் வருடத் தொடக்கத்தில் துலாம் வேலைக்கு வந்தது. எங்கள் மனுக்கட்டுக்குள்ளும் பழைய மனுக்களோடு அன்றன்றைய புது மனுக்கள் கலந்து வர ஆரம்பித்தன. அந்த வருடக் கடைசியில் அக்காவுக்குச் சிறுநீரகம் இரண்டும் போய் நாலு மாதம். விருதுநகர் அரசு ஆஸ்பத்திரியில் வாரம் இரண்டு முறை டயாலிசிஸ். கால் வீங்கியது, மல்லாந்து படுத்தால் மூச்சு முட்டியது. மூன்று முறை வேண்டும் என்று டாக்டர் எழுதிக் கொடுத்தார். மனு போட்டாள். ஒரு செவ்வாய்க்கிழமை சாப்பாட்டு நேரத்தில் போன் செய்தாள்.

"ரெண்டே போதும்னு வந்திருச்சு செம்பா."

"யாரு சொன்னா?"

"யாரும் சொல்லல. மெசேஜ் வந்துச்சு. மனுப் போட்டு அரை நிமிசம் ஆகல." மூச்சு வாங்கிக்கொண்டு தொடர்ந்தாள். "எனக்கு என்ன வருத்தம்னா, யாருமே ஒரு வார்த்தை கேக்கல. இங்க ஒரு அம்மா இருக்கு. அதுக்கு ரேசன் கார்டு மக வீட்டுல, அரியலூருல. அதுக்கு ஒரு சார் போன் பண்ணி பத்து நிமிசம் பேசினாராம். எப்படிம்மா தூங்குறீங்க, என்ன சாப்புடுறீங்கன்னு கேட்டாராம். மூணு குடுத்துட்டாங்க. எனக்கும் பக்கத்துக் கட்டில் சுப்புத்தாயக்காவுக்கும் அந்த மெசேஜ்தான். நீ அங்கதானடி வேலை பாக்குற? நாங்க என்ன எழுதியிருந்தா கேட்டிருப்பாங்க?"

அரியலூர் என்ற வார்த்தை காதில் விழுந்ததும் எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. அக்காவின் மனு நன்றாகத்தான் இருந்திருக்கும். விருதுநகர் என்றால் எந்த நல்ல மனசும் கலங்காது என்று முப்பது அறநெறி ஆய்வாளர்கள் ஒன்றரை வருடம் தினமும் துலாமுக்குச் சொல்லிக்கொடுத்திருந்தோம். அதில் ஒருத்தி அவள் தங்கை.

அதிர்ந்தேன் என்று எழுத ஆசை. இல்லை. தட்டில் பாதி சாதம் இருந்தது, சாப்பிட்டு முடித்துக் கைகழுவினேன்.

ஹெப்சிபாவிடம் சொன்னேன். "நான் ஒரு மிளகாயத்தானேட்டி கடிச்சேன்," என்றாள்.

நாச்சியப்பன் சாரிடம் போனேன். கதவைச் சாத்திவிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். மிளகாய் உட்பட. அவர் பேனாக்களில் ஒன்றை எடுத்து மூடியைத் திறந்து மறுபடி மூடினார்.

"அரியலூர்ல மட்டும் ஏன் கலக்கம் ஜாஸ்தின்னு துறையில கேட்டாங்க. அங்க சுண்ணாம்புக் குவாரி, வறட்சி, அதனால மனுக்கள்ல ஒரு ஆழமான வலி இருக்குன்னு நான் ஒரு கட்டுரை எழுதினேன். அதுக்கு விருது குடுத்திருக்காங்க. அதைக் காட்டித்தான் அடுத்த அஞ்சு வருஷ நிதி வாங்கியிருக்கோம்." பேனாவைப் பையில் செருகினார். "செண்பகவல்லி, நான் கெட்டவன் இல்லை. ஆனா வாய்மொழியா வந்ததை வச்சு நான் ஒண்ணும் செய்ய முடியாது. தளத்துல புகாராப் போடுங்க. முறைப்படி அதுவும் துலாம் வழியாத்தான் போகும். உங்க பட்டையைப் பாத்து, மனுஷன் படிக்கணுமா வேண்டாமான்னு அதுவே சொல்லிடும்."

புகார் எழுதினேன். இரண்டு பக்கம். ஒரு பொய்யில்லை. பட்டையை மாட்டிக்கொண்டு அனுப்பினேன். எண் ஒன்பது. நாலு விநாடியில் பதில் வந்தது: 'பரிசீலிக்கப்பட்டது. மனிதத் தலையீடு தேவையில்லை.'

அடப்பாவி, உண்மையைச் சொன்னேனே என்று திரையைப் பார்த்து வாய்விட்டுச் சொன்னேன். அதற்கும் ஒன்பதுதான் காட்டியது.

அந்த வாரம் அக்கா பேசும்போது வாக்கியத்துக்கு நடுவில் நின்றுநின்று பேசினாள். ஒரு நாளைக்கு ஒரு சொம்புத் தண்ணீர்தான் குடிக்கலாம். வெயிலில் நாக்கு ஒட்டிக்கொள்கிறது, ஐஸ்கட்டியைத் துணியில் சுற்றி உதட்டில் வைத்துக்கொள்கிறேன் என்றாள். தலையணைகளை அடுக்கி உட்கார்ந்தபடியே தூங்குகிறாளாம்.

வெள்ளிக்கிழமை காலை சாமிக்கண்ணுவிடம் ஆறு மிளகாய் வாங்கினேன். ஆறையும் மென்றேன். காது அடைத்தது, கண் மங்கியது, மூக்கு ஒழுகியது. அதே புகாரை, ஒரு எழுத்து மாற்றாமல், மறுபடி அனுப்பினேன். எண் தொண்ணூற்றாறு. கட்டம் எழுந்தது. 'உண்மை' என்று அழுத்தினேன். புகாருக்குத் தணிக்கை கிடையாது, நேராக மனிதரிடம் போய்விடும். 'மனிதப் பரிசீலனைக்கு அனுப்பப்படுகிறது.'

பத்து நிமிடத்தில் போன் வந்தது.

"வணக்கங்க மேடம், பரிசீலனைப் பிரிவுல இருந்து தீர்த்தகிரி பேசறேன்." இளம் குரல், களைத்த குரல். "உங்க புகாரைப் படிச்சேன். முழுசா." நான் மூக்கை உறிஞ்சினேன். "அழறீங்களா, இல்ல மிளகாயா?"

நான் கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

"நான் உங்களுக்கு முந்தின சோதனை பேட்ச்சுங்க. எட்டுப் பேர்தான். எங்களுக்கு மிளகுத்தூள். கைக்குட்டையில வச்சுக்குவோம்." சிரிப்பு மாதிரி ஒரு சத்தம் வந்தது. "படிச்சு முடிச்சதும் எங்களையே பரிசீலனை அதிகாரியாப் போட்டுட்டாங்க. ஒரு நாளைக்கு நாப்பது போன் பண்ணணும். அதுல முப்பது அரியலூர்."

"அப்ப உங்களுக்குத் தெரியும்."

"தெரியும்ங்க."

"சொல்லலியா?"

"போன வருஷம் சொன்னேன். மிளகுத்தூள் இல்லாம சொன்னேன்." மறுமுனையில் யாரோ அவரைக் கூப்பிட்டார்கள். இருங்க என்றுவிட்டுத் திரும்பி வந்தார். "மேடம், நேரா சொல்றேன். இதை மேல அனுப்பலாம். அனுப்பினா விசாரணை. விசாரணை முடியற வரைக்கும் துலாமை நிறுத்திடுவாங்க. ஆறு மாசம், எட்டு மாசம். அதுவரைக்கும் எந்த ஊரா இருந்தாலும் எல்லாருக்கும் ரெண்டு தடவைதான். அப்புறம் சரியாகும், நிச்சயம் சரியாகும். உங்கக்காவுக்கு எட்டு மாசம் இருக்குங்களா?"

தலையணைகள் நினைவுக்கு வந்தன. "இல்லை" என்றேன்.

"அப்ப வாபஸ் வாங்கிக்குங்க. அக்கா கார்டை அரியலூருக்கு மாத்துங்க. படுக்கை விருதுநகர்லயே இருக்கலாம், அதைத் துலாம் பாக்காது. மனு என்கிட்ட வந்தா நானே போன் பண்றேன். அழகா விசாரிப்பேன். அந்த வேலை எனக்கு நல்லா வரும்."

"மத்தவங்க?"

"எனக்கும் ஒரு தம்பி இருக்கான் மேடம். அவன் கார்டும் அரியலூர்தான்."

வாபஸ் வாங்கினேன். ஒரு பொத்தான்தான். சாமிக்கண்ணுவின் ஜெயங்கொண்டம் அரியலூர் மாவட்டம்தான். அவரிடம் போய், அக்கா உங்கள் வீட்டில் வாடகைக்கு இருக்கிற மாதிரி ஒரு கடிதம் வேண்டும் என்றேன். ஏன் எதற்கு என்று அவர் கேட்கவே இல்லை. கையைத் துடைத்துக்கொண்டு, "உடம்பு சரியில்லாத புள்ளைக்குத்தானே, எழுதிக்கம்மா," என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். மூன்று வருடத்தில் அந்த வளாகத்தில் பட்டை மாட்டாமல் இரக்கப்பட்ட ஒரே ஆள் அவர்தான்.

கார்டை மாற்றி, அக்கா பெயரில் மனுவையும் நானே மறுபடி போட்டேன். பன்னிரண்டு நாள் கழித்து அக்கா போன் செய்தாள்.

"செம்பா, போன் வந்துச்சுடி! தீர்த்தகிரின்னு ஒரு தம்பி. எவ்வளவு தன்மையாப் பேசுச்சு தெரியுமா? காலண்டர் கம்பி எப்படி மாட்டுவீங்கன்னுகூட கேட்டுச்சு. மூணு தடவை குடுத்துட்டாக." கொஞ்சம் பொறுத்து, "சுப்புத்தாயக்கா மறுபடியும் எழுதிப் போட்டிருக்கு. முறுக்குக் கம்பெனியில மாவு பிசையிற வேலை. டயாலிசிஸ் ஊசி போட்டுப் போட்டு அந்தக் கை தூக்கவே வரல. பாவம்டி. அதுக்கும் ஒரு போன் வந்தா நல்லாருக்கும். நீ பாத்தா ஏதாச்சும் செய், என்ன?"

"பாக்குறேன்க்கா" என்றேன்.

இரண்டு வாரத்தில் அக்காவின் குரலில் பழைய கேலி வந்துவிட்டது. தலையணை ஒன்று போதுமாம். எனக்குச் சந்தோஷமாக இருந்திருக்க வேண்டும். இருந்ததா என்று பட்டையைப் பார்த்தேன். எட்டு.

அடுத்த திங்கள் மாலை நான்கு மணி. அறையில் எல்லோரும் பையை எடுத்து வைத்துக்கொண்டிருந்தார்கள். அன்றைய மனுக்கட்டின் கடைசி மனு, விருதுநகர் மாவட்டம். பெயர் அழிக்கப்பட்டிருந்தது.

'நான் முறுக்குக் கம்பெனியில் மாவு பிசைகிறேன். வயது நாற்பத்தாறு. வாரம் மூன்று தடவை ரத்த சுத்திகரிப்பு வேண்டும் என்று டாக்டர் சொல்கிறார். எனக்கு எழுத வராது, பக்கத்துக் கட்டில் மாரீஸ்வரி எழுதித் தருகிறது. யாராவது ஒரு தடவை போன் போட்டால் நான் விளக்கமாகச் சொல்லுவேன்.'

பெயரை அழிப்பவர்கள் மனுவுக்கு உள்ளே அழிக்க மறந்திருந்தார்கள்.

படித்தேன். மறுபடியும் படித்தேன். அதை எழுதியது என் அக்கா. ஊசி குத்தியே வீங்கிப்போன கையால், தலையணையில் சாய்ந்துகொண்டு, நான் பார்ப்பேன் என்று நம்பி எழுதியிருக்கிறாள். காலையில் கடித்த மிளகாய் எப்போதோ ஆறிவிட்டது. வாயில் ஒரு எரிச்சலும் இல்லை. உள்ளங்கை நனைந்திருந்தது. இரண்டு வருடத்துக்கு முன்னால் எங்கேயோ போட்டுவிட்டு வந்த ஒன்று திரும்பி வந்து நெஞ்சில் உட்கார்ந்தது. வலித்தது. ஐயோ, எப்படி வலித்தது!

எண் எழுபத்தொன்று.

கட்டம் எழுந்தது. 'வழக்கத்துக்கு மாறான அளவு. உண்மையா? கருவிப் பிழையா?'

உண்மை என்றால் மனு தீர்த்தகிரியிடமோ அவரைப் போன்ற இன்னொருவரிடமோ போகும். சுப்புத்தாய்க்குப் போன் வரும். நாளை காலை தணிக்கைப் பிரிவிலிருந்து ஒருவர் வருவார். விருதுநகரில் சொந்தக்காரர் யாராவது என்று கேட்பார். குடும்ப அட்டைகளைத் தோண்டுவார். சாத்தூர் மாரீஸ்வரி ஜெயங்கொண்டத்தில் ஒரு சமையல்காரர் வீட்டில் என்ன செய்கிறாள் என்று பார்ப்பார். மூன்று மறுபடி இரண்டாகும்.

"வாட்டி, பஸ் போயிரும்," என்றாள் ஹெப்சிபா. என் திரையைப் பார்த்தாள். பட்டையைப் பார்த்தாள். பிறகு வெளியே போய் நின்றுகொண்டாள்.

'கருவிப் பிழை' என்று அழுத்தினேன்.

'நன்றி. இந்த அளவு நீக்கப்பட்டது. தங்களுக்கு நாளை புதிய பட்டை வழங்கப்படும்.'

சொன்ன மாதிரியே மறுநாள் காலை புதிய பட்டை கொடுத்தார்கள். நல்ல பட்டை, கையில் இருப்பதே தெரியவில்லை. பத்து மணிக்கு மிளகாயைக் கடித்துக்கொண்டு அரியலூரின் முதல் மனுவைத் திறந்தேன்.